சூப்பர் நின்டெண்டோவுக்கு பிளாட்ஃபார்ம் கேம் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

தளம் தளமாகக் குதித்து முன்னேறும் பிளாட்ஃபார்ம் கேமின் உயிர் ஒரே ஒரு பட்டனில் இருக்கிறது. அதை அழுத்திய கணமே திரையில் இருப்பவர் குதிக்க வேண்டும். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். பள்ளத்தின் விளிம்பில் கால் நுனி பட்டாலும் நிற்க வேண்டும். இதைச் சரியாகக் கொடுத்த வீடியோ கேம் மெஷின்களில் சூப்பர் நின்டெண்டோவுக்குத் தனி இடம் உண்டு. 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்தது. 1991-ல் அமெரிக்காவுக்கும் 1992-ல் ஐரோப்பாவுக்கும் போனது. மொத்தம் ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம் மெஷின்கள் விற்றதால், இத்தனை வருடம் கழித்தும் மெஷினும் கேசட்டும் தேடினால் கிடைக்கின்றன.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேசட் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். என் கருத்து வேறு. கட்டைவிரலுக்கும் திரைக்கும் நடுவே இருக்கிற எல்லாவற்றையும் முதலில் ஒழுங்குபடுத்துங்கள்: மெஷின், கரண்ட், டிவி, கன்ட்ரோலர். இவற்றில் ஒன்று சொதப்பினாலும், எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் குதிப்பு கெட்டுவிடும். ஆகவே கேசட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

1. எந்த நாட்டு மெஷின் என்று முடிவு செய்யுங்கள்

சூப்பர் நின்டெண்டோ மூன்று வடிவங்களில் வந்தது: ஜப்பானிய சூப்பர் ஃபாமிகாம், அமெரிக்க மெஷின், ஐரோப்பிய மெஷின். இந்த ஒரு முடிவு பின்னால் வாங்கப்போகும் ஒவ்வொரு கேசட்டையும் பாதிக்கும்.

ஐரோப்பிய மெஷின் நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும். மற்ற இரண்டும் 60 தடவை. 60-க்காக எழுதப்பட்ட கேம்களில் பலவற்றை ஐரோப்பாவில் வேகம் திருத்தாமலே வெளியிட்டார்கள். அவற்றில் ஓட்டமும் குதிப்பும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பிளாட்ஃபார்ம் கேமுக்காகவே மெஷின் வாங்குகிறீர்கள் என்றால் 60-ஐத் தேர்ந்தெடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜப்பானிய மெஷினுக்கும் அமெரிக்க மெஷினுக்கும் உள்ளே இருக்கும், வேறு பகுதிக் கேசட்டை ஓட விடாத பூட்டுச் சிப் ஒன்றேதான், கேசட்டின் ஓடு மட்டும் வேறு. அமெரிக்க மெஷினின் கேசட் வாயில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் ஜப்பானியக் கேசட்டைத் தடுக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்துவிட்டால் இரு நாட்டுக் கேசட்டும் ஓடும். மெஷினில் கை வைக்க மனமில்லாதவர்கள் நடுவே செருகும் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பியக் கேசட் பார்க்க அச்சு அசல் ஜப்பானியக் கேசட் போலவே இருக்கும், வாயிலும் சரியாக உட்காரும். ஆனால் பூட்டுச் சிப் வேறு என்பதால் ஓடாது. வாங்கும் முன் லேபிளில் இருக்கும் குறியீட்டைப் படியுங்கள். எஸ்எச்விசி என்று தொடங்கினால் ஜப்பான், எஸ்என்எஸ் என்றால் அமெரிக்கா, எஸ்என்எஸ்பி என்றால் ஐரோப்பா. அந்தக் கடைசி 'பி' ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிளாட்ஃபார்ம் கேமில் படிக்க வேண்டியது மிகக் குறைவு. ஜப்பானியக் கேசட்டுகள் பொதுவாக அமெரிக்கக் கேசட்டை விடக் குறைந்த விலைக்கும் நல்ல நிலையிலும் கிடைக்கும். முதல் சேகரிப்புக்கு நான் பரிந்துரைப்பது சூப்பர் ஃபாமிகாம்தான்.

2. கரண்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. 220, 240 வோல்ட் வரும் பிளக்கில் நேராகச் செருகினால் அடாப்டர் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவே வேண்டும். அல்லது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் புது அடாப்டரே வாங்கிவிடலாம்.

புது அடாப்டர் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வெளியே வருவது 9 அல்லது 10 வோல்ட் டிசியாக இருக்க வேண்டும். குறைந்தது 1 ஆம்ப் தர வேண்டும். பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அதனால் மூன்றாவதில்தான் ஆபத்து. துருவம் மாற்றிச் செருகினால் மெஷினுக்குள் இருக்கும் சிறு ஃபியூஸ் போய்விடும். விளக்கே எரியாத மெஷின்களில் பலவற்றின் கதை இதுதான். அந்த ஃபியூஸ் போர்டில் சால்டர் செய்யப்பட்டது, மாற்றுவதற்குக் கை பழகியவர் வேண்டும்.

அமெரிக்க மெஷினின் பிளக் தனி வடிவம், ஆகவே அதற்கென்று செய்த அடாப்டரையே தேடுங்கள். ஐரோப்பிய மெஷினின் அசல் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும். அதை மற்ற இரு மெஷின்களுக்கும் போடவே கூடாது.

பழைய மெஷின் கைக்கு வந்ததும் ஒரு கேமைப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். படம் நடுங்குகிறதா, இசையில் ஏதாவது வாத்தியம் காணாமல் போகிறதா, நிறம் மங்குகிறதா என்று பாருங்கள். ஓடு மஞ்சளாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தக் கால ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலாலும் வருடங்களாலும் நிறம் மாறும், ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மஞ்சளான மெஷின் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

3. டிவி: குதிப்பு கெடும் இடம்

சூப்பர் நின்டெண்டோவின் படம் பெரும்பாலான கேம்களில் 256-க்கு 224 புள்ளிகள்தான். பழைய பிக்சர் டியூப் டிவிக்காக வரையப்பட்ட படம் அது. டியூப் டிவி வரும் சிக்னலை அப்படியே வரைந்துவிடும், தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இடமும் தூக்க ஆளும் இருந்தால் அதை மிஞ்ச எதுவும் கிடையாது.

தட்டை டிவியில் கதை மாறுகிறது. இந்த மெஷின் அனுப்பும் 240 பி (240 வரி கொண்ட முழுப் படம்) சிக்னலைப் பல புதிய டிவிகள் சரியாக அடையாளம் காண்பதில்லை. பழைய டிவி ஒளிபரப்புபோல நினைத்துக்கொண்டு இரண்டு படங்களைச் சேர்த்துப் பின்னப் பார்க்கும். அதற்குச் செலவாகும் நேரம் முழுவதும் உங்கள் கட்டைவிரலுக்கும் மரியோவுக்கும் நடுவே வந்து நிற்கும். ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. டிவி ஐந்தாறு ஃபிரேம் தாமதித்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஓடும்போது அது தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் டிவியில் கேம் மோட் (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் போடுங்கள். போன் கேமராவில் ஸ்லோ மோஷனை வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒரே காட்சியில் தெரிய ஒரு குதிப்பைப் படம் பிடியுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் கேமரா என்றால், அதில் நான்கு படம் கேமின் ஒரு ஃபிரேம். பட்டன் அமுங்கியதில் இருந்து கால் தரையை விடும் வரை எண்ணுங்கள். கேம் மோட் போட்டும் போடாமலும் எண்ணிப் பார்த்தால் உங்கள் டிவி எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

தாமதம் அதிகமாக இருந்தால் ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி போன்ற பெட்டிகள் இருக்கின்றன. 240 பி சிக்னலைச் சரியாகப் புரிந்துகொண்டு, மிகக் குறைந்த தாமதத்தில் எச்டிஎம்ஐ ஆக்கித் தரும். பெயர் தெரியாத மலிவு கன்வெர்ட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, டிவி செய்யும் அதே தவறைத்தான் செய்கின்றன.

கேபிளும் முக்கியம். ஜப்பானிய, அமெரிக்க மெஷின்களின் முதல் மாடலில் கம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி என்ற, தெளிவு ஏறிக்கொண்டே போகும் மூன்று வீடியோ இணைப்பும் உண்டு. 1997-ல் வந்த சிறிய மாடல் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே மாற்றம் செய்யாவிட்டால் கம்போசிட் மட்டும்தான் தரும். வாங்கும்போது இதைத் தெரிந்து வாங்குங்கள். கம்போசிட்டில் இருந்து எஸ்-வீடியோவுக்குப் போனாலே நிறங்களின் ஓரம் தெளிந்துவிடும், தொடக்கத்துக்கு அது போதும்.

4. கன்ட்ரோலர்

அசல் கன்ட்ரோலரையே வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திறக்கும். திசைப் பலகையை அழுத்தி வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். வலது பக்கம் ஓடும்போது தானாகவே குனிகிறது என்றால் ரப்பரோ, அதன் கீழே இருக்கும் போர்டோ அழுக்கு. ஜப்பானியக் கன்ட்ரோலர் அமெரிக்க மெஷினிலும் வேலை செய்யும்.

5. முதல் கேசட்டுகள்

விலை ஏறும் கேம், அரிய கேம் என்ற பட்டியல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொன்றும் வேறு வகைக் குதிப்பைக் கற்றுத் தருகிற ஐந்தாறு கேசட்டுகளை முதலில் சேருங்கள். இவை எல்லாம் நிறைய விற்ற கேம்கள், சுலபமாகக் கிடைக்கும்.

முதல் கேசட் சூப்பர் மரியோ வேர்ல்ட். மெஷினோடு ஒன்றாகவே 1990-ல் வந்தது. அமெரிக்காவில் மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள், அதனால் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். வெறும் 512 கிலோபைட்டில் 96 வெளியேறும் வழிகள். ஓடிவந்து குதித்தால் நின்று குதிப்பதைவிட உயரம். தனிப் பட்டனில் சுழன்று குதித்தால் கீழே இருக்கும் மஞ்சள் கட்டைகளை உடைக்கலாமா, முள் மீது பட்டும் தப்பலாமா என்று நீங்களே சோதித்துக் கண்டுபிடிப்பீர்கள். மரியோ ஏறிப்போகும் டைனோசர் யோஷி முதன்முதலில் வந்ததும் இதில்தான். ஒரு மெஷினின் முதல் கேம் இவ்வளவு முழுமையாக இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இரண்டாவது டாங்கி காங் கன்ட்ரி 2. இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகம் 1994-ல் வந்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாணமாக உருவாக்கிய உருவங்களைப் படங்களாக்கி, 4 மெகாபைட் கேசட்டுக்குள் அடக்கினார்கள். சூப்பர் மரியோ வேர்ல்டைப் போல எட்டு மடங்கு. அன்று எல்லோரும் படத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இன்று ஆடிப் பார்த்தால், உருண்டுபோய் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் இருந்து குதிக்கும் அந்த வித்தைதான் நிலைத்து நிற்கிறது. 1995-ல் வந்த இரண்டாம் பாகம் அதை மெருகேற்றியது. டிக்ஸி என்ற பெண் குரங்கு தன் குதிரைவால் சடையைச் சுழற்றி மெதுவாக இறங்குவாள், ஆகவே தவறிய குதிப்பைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கும். புதியவர்களுக்கு இது பெரிய உதவி. டேவிட் வைஸின் இசைக்காகவே ஸ்பீக்கரை நல்லதாக வையுங்கள். ஜப்பானியக் கேசட் வேண்டுமென்றால் 'சூப்பர் டாங்கி காங் 2' என்று தேட வேண்டும்.

மூன்றாவது மெகா மேன் எக்ஸ், ஜப்பானில் ராக்மேன் எக்ஸ். கேப்காம், 1993. முதல் நெடுஞ்சாலைக் கட்டத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே எல்லாம் கற்றுத் தருகிறது. ஒரு குழிக்குள் விழுவீர்கள். வெளியே வர வழி தேடிச் சுவரில் மோதுவீர்கள், சுவரில் ஒட்டி ஏறலாம் என்று தெரிந்துவிடும். பனிக்கட்டி பென்குயின் கட்டத்தை முதலில் ஆடுங்கள், பாய்ந்து ஓடும் சக்தி அங்கேதான் இருக்கிறது. இந்த கேம் பாஸ்வேர்டு முறை, உள்ளே பேட்டரி இல்லை. சேகரிப்பவருக்கு அது ஒரு நிம்மதி, ஏன் என்று 8-ல் சொல்கிறேன்.

நான்காவது யோஷீஸ் ஐலண்ட், 1995. கிரேயானில் வரைந்தது போன்ற படம். குதித்து உச்சிக்கு வந்ததும் பட்டனை விடாமல் பிடித்தால் யோஷி காலை உதைத்து உதைத்து இன்னும் கொஞ்சம் எழும்பும். மரியோ வேர்ல்டில் பழகிய கை முதலில் தடுமாறும், பிறகு பழகும். கேசட்டுக்கு உள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற கூடுதல் சிப் இருக்கிறது. போலியைக் கண்டுபிடிக்க இது உதவும், கீழே சொல்கிறேன்.

அப்புறம் எதிர்த்திசையில் ஒன்று: சூப்பர் காசில்வேனியா 4 அல்லது சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ், இரண்டும் 1991. கோனாமியின் காசில்வேனியாவில் சாட்டையை எட்டுத் திசையிலும் வீசலாம், ஒரு கட்டத்தில் அறையே சுழலும். கேப்காமின் கூல்ஸ் கடினம். குதித்துவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது, இரண்டாவது குதிப்பு ஒன்றுதான் கதி. எங்கே இறங்குவோம் என்று தெரியாமல் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதை அது கற்றுக் கொடுத்துவிடும். முழு முடிவைப் பார்க்க கேமை இரண்டு முறை முடிக்க வேண்டும். ஜப்பானில் இவற்றின் பெயர்கள் 'அகுமாஜோ டிராகுலா', 'சோ மாகாய்முரா'.

கணினியில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடி வளர்ந்தவர்கள் இந்த மெஷினுக்கு 1992-ல் வந்ததையும் தேடலாம். அசலில் 12 கட்டம், 60 நிமிடம். இதில் 20 கட்டம், 120 நிமிடம். அதே நிதானமான கால்கள்தான், ஆனால் புது அறைகள்.

ஒரு கேம் உங்களுக்குப் பிடிக்குமா என்ற சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் ஆடிப் பாருங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் இந்த மெஷினின் கேம்கள் பல இருக்கின்றன. 2017-ல் வந்த சூப்பர் நின்டெண்டோ கிளாசிக் என்ற சிறிய மெஷினில் 21 கேம் உள்ளேயே உண்டு. அங்கே பத்து நிமிடத்தில் சலித்த கேமை அலமாரிக்காக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

6. வாங்கும்போது: விலையும் போலியும்

விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத் தளங்களில் ஏற்கெனவே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கும். அதே நாட்டு, அதே நிலைக் கேசட்டுகள் கடைசியாகப் போன ஏழெட்டு விலைகளைப் பாருங்கள். அட்டைப் பெட்டியோடும் கையேட்டோடும் வருவது வெறும் கேசட்டைப் போலப் பல மடங்கு விலை போகும், ஏனென்றால் அந்த அட்டைப் பெட்டிகளைப் பெரும்பாலான வீடுகளில் அப்போதே தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆடுவதற்கு வெறும் கேசட் போதும். கொஞ்சம் கிழிந்த லேபிள், பேனாவில் எழுதிய பெயர் இவை எல்லாம் விலையைக் குறைக்கும். ஓட்டத்தைக் குறைக்காது.

போலிகள் நிறைய. மெகா மேன் எக்ஸ் 3, கிர்பி சூப்பர் ஸ்டார் போல விலை ஏறிய அமெரிக்கக் கேசட்டுகளில் இன்னும் அதிகம். வெளி லேபிளைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, லேபிளைப் புதிதாக அச்சடிப்பது சுலபம். போர்டைப் பார்க்க வேண்டும்.

கேசட் திறக்க 3.8 மில்லிமீட்டர் நின்டெண்டோ பிட் (ஸ்க்ரூடிரைவர் முனை) ஒன்று வேண்டும். மெஷினுக்கு 4.5 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்தே விற்கும், சேகரிப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான். உள்ளே அசல் போர்டில் நின்டெண்டோ பெயரும் எஸ்எச்விசி என்று தொடங்கும் போர்டு எண்ணும் அச்சாகியிருக்கும். சிப்களின் மேல் வருடத்தையும் வாரத்தையும் சேர்த்து நான்கு இலக்கம் இருக்கும். 9427 என்றால் 1994-ன் 27-வது வாரம். கேம் வெளியான காலத்தோடு அது பொருந்த வேண்டும். சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரெசின் மொட்டு இருந்தாலோ, புத்தம் புது சால்டரும் ஒட்டு ஒயரும் தெரிந்தாலோ அது அசல் இல்லை.

திறக்க முடியாத நிலையில் கீழே இருக்கும் பொன்னிறத் தொடுமுனைகளைப் பாருங்கள். சாதாரணக் கேசட்டில் நடுவே 46 முனைகள் மட்டும் இருக்கும். கூடுதல் சிப் உள்ள சில கேம்களில் இரு ஓரத்திலும் தனியாக எட்டெட்டு சேர்ந்து 62 ஆகும். சூப்பர் எஃப்எக்ஸ் சிப் உள்ள யோஷீஸ் ஐலண்டிலும் எஸ்ஏ-1 சிப் உள்ள கிர்பி சூப்பர் ஸ்டாரிலும் ஓர முனைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

தொலைவில் இருந்து வாங்கும்போது மூன்று படம் கேளுங்கள்: முன் லேபிள், பின் லேபிள், தொடுமுனை. விலை உயர்ந்ததென்றால் போர்டின் படமும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்கவே மாட்டார். "திறக்கக் கருவி இல்லை" என்று சொல்பவரிடம் விலை உயர்ந்த கேசட்டை வாங்க வேண்டாம், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும்.

7. சுத்தம்

கேசட் ஓடவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை அழுக்குதான் காரணம். வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூச்சில் இருக்கும் ஈரம் தொடுமுனையை நாளடைவில் அரிக்கும். ஊதியபின் ஓடியது என்றால் மறுபடி செருகியதால்தான் ஓடியது.

99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்து, முனைகளின் நீளவாக்கில் தேயுங்கள். குச்சி கறுத்து வரும். கறுக்காமல் வரும் வரை புதுக் குச்சி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெஷினில் செருக வேண்டும். உப்புத்தாள், உலோகப் பாலிஷ் இரண்டும் வேண்டாம், மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும். லேபிளில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பேட்டரி

சூப்பர் மரியோ வேர்ல்ட், டாங்கி காங் மூன்று பாகங்கள், யோஷீஸ் ஐலண்ட் இவை எல்லாம் ஆடிய இடத்தை நினைவில் வைக்க உள்ளே 3 வோல்ட் லித்தியம் பேட்டரி வைத்திருக்கின்றன. முப்பது வருடம் ஆகிவிட்டதால் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி தீர்ந்தாலும் கேம் ஓடும், சேமிக்காது. அவ்வளவுதான். அதனால் 'சேவ் ஆகாது' என்று மலிவாக விற்கும் கேசட் நல்ல பேரம்.

சோதிக்கும் முறை: ஒரு கட்டம் முடித்துச் சேமியுங்கள். மெஷினை அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து, ஒரு நாள் விட்டுப் போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் அளந்தும் பார்க்கலாம். 2.8-க்குக் கீழே வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன்.

மாற்றும்போது, இரு பக்கமும் உலோகக் கால் ஏற்கெனவே பற்றவைத்த பேட்டரியை வாங்க வேண்டும். பெரும்பாலும் சிஆர்2032 பொருந்தும். சாதாரண பட்டன் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம், அதைச் செய்யவே கூடாது. பிளஸ், மைனஸ் குறி போர்டிலேயே அச்சாகியிருக்கும். பழைய பேட்டரியை எடுத்ததும் பழைய சேமிப்பு அழியும். மரியோ வேர்ல்டின் 96 வழியையும் முந்தைய சொந்தக்காரர் கண்டுபிடித்த சேமிப்பு அதில் இருந்தால், கேசட்டைக் கணினியில் படிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஓட்டுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள்.

9. வைக்கும் இடம்

நேர் வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரி போதும். தொடுமுனைக்கு மூடி போடுங்கள். அட்டைப் பெட்டி இருந்தால் அமிலம் இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், அடுக்கி மேலே பாரம் ஏற்றாதீர்கள். கைவசம் உள்ளவற்றின் பட்டியலைப் போனில் வைத்திருங்கள்: பெயர், நாடு, பேட்டரி மாற்றிய தேதி. ஒரே கேமை இரண்டு பெயரில் இரண்டு முறை வாங்குவதை அது தடுக்கும்.

10. அடுத்த வரிசை

முதல் ஐந்தாறைக் கரைத்துக் குடித்த பிறகு, ஜப்பானில் மட்டும் வெளியான கேசட்டுகளின் பக்கம் திரும்புங்கள். சூப்பர் ஃபாமிகாம் வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

கோனாமியின் கான்பாரே கோயமோன் வரிசையில் நான்கு கேம் இந்த மெஷினுக்கு வந்தன. முதலாவது மட்டும் வெளிநாடு போனது, மற்ற மூன்றும் ஜப்பானிலேயே நின்றுவிட்டன. 1993-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இருவர் சேர்ந்து ஆடலாம். ஹட்சனின் டோ ரே மி ஃபேண்டஸி 1996-ல், மெஷினின் கடைசிக் காலத்தில் வந்தது. மென்மையான, நிதானமாகக் கட்டப்பட்ட கேம், குழந்தைகளோடு ஆட ஏற்றது. 1998-ல் கேப்காம் ராக்மேன் அண்ட் ஃபோர்டே வெளியிட்டது, அடுத்த தலைமுறை மெஷின்கள் வந்து பல வருடம் ஆன பிறகு. எக்ஸ் தொடரில் நன்றாகக் கை பழகியவர்கள் மட்டும் தொடுங்கள், கடினம்.

எல்லாவற்றையும்விட நான் விரும்புவது 1994-ல் வந்த உமிஹாரா கவாசே. தூண்டில் வைத்திருக்கும் ஒரு பெண். தூண்டில் கயிறு ரப்பர்போல இழுபடும். கூரையில் கொக்கியை மாட்டித் தொங்கி, ஆடி, கயிற்றைச் சுருக்கி, சரியான கணத்தில் விட்டால் திரையின் மறுபக்கம் பறப்பாள். குதிக்கும் பட்டன் இருக்கிறது, ஆனால் அதை நம்பி எங்கும் போக முடியாது. முதல் சில மணி நேரம் சும்மா தொங்கிக்கொண்டிருப்பீர்கள். பிறகு கயிற்றின் இழுவிசை கைக்குப் பிடிபடும், ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் சொந்த வழியைக் கண்டுபிடிக்கத் தொடங்குவீர்கள். அதில் தாமதமான டிவி ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆகவே மூன்றாம் படியை முடித்துவிட்டு இந்தக் கேசட்டைத் தேடுங்கள்.

1995-ன் மேஜிக்கல் பாப்'ன் போன்றவை விலை உச்சத்தில் இருப்பவை. அவசரப்பட வேண்டாம். போர்டின் படம் காட்டும் விற்பனையாளர் அமையும் வரை காத்திருந்து வாங்குங்கள்.